தைக்கப் போன ஏடா பிளாக்ஜாக் துருவப் பயணியா, இல்லையா?

ஜூன் 9
ஒரு வாசகரின் கேள்வி: "துருவப் பயணிகள் பட்டியலில் இப்போதெல்லாம் ஏடா பிளாக்ஜாக் பெயரையும் சேர்க்கிறார்கள். அவர் 1921-ல் ரேங்கல் தீவுக்குப் போனது தையல் வேலைக்கு, மாதம் 50 டாலர் சம்பளத்துக்கு. கொடி நட்டவர், வரைபடம் போட்டவர் எல்லாம் பயணி. சட்டை தைத்துக் கொடுத்தவர் எப்படிப் பயணி ஆவார்? கூலிக்குப் போனவர் என்று சொன்னால் போதாதா?"

ஜூன் 9, இரவு
"சட்டை தைத்துக் கொடுத்தவர்" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். 22 வருஷமாகத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஏடாவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் சில வருஷமாகப் படித்து வருகிறேன். பதில் நீளும்.

நமக்குத் தையல் பிரிந்தால் ஊக்கு குத்திக்கொண்டு வீடு வந்து சேரலாம். அங்கே கையுறையில் ஒரு தையல் விட்டால் விரல் போகும். பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்கினால் கால் போகும். அதனால்தான் வடதுருவப் பக்கம் போன பல கூட்டங்கள் தைக்கத் தெரிந்த பெண்ணைத் தேடின.

அந்தத் தையலைக் கொஞ்சம் பாருங்கள். நூல் என்பது மானின் முதுகுத் தசைநார். காய வைத்து, இழை இழையாகப் பிரித்து எடுப்பார்கள். சீல் தோல் பூட்ஸ் தைக்கும்போது ஊசி தோலின் மறுபக்கம் வரவே கூடாது. பாதிக் கனம் வரை குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுக்க வேண்டும். ஒரு பக்கம் அப்படி ஓட்டிவிட்டு, திருப்பிப் போட்டு மறுபக்கமும் ஓட்ட வேண்டும். அப்போது எந்தத் துளையும் உள்ளிருந்து வெளியே ஊடுருவிப் போகாது. நனைந்ததும் நார் ஊதிக்கொண்டு, இருக்கிற துளையையும் அடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஹெம்மிங் போடுகிறவர்களுக்கு அந்தக் கை அசைவு புரியும். ஆனால் நாம் போடுவது அழகுக்கு. அவர்கள் போடுவது உயிருக்கு.

சட்டையிலும் இரண்டு அடுக்கு உண்டு. உள்சட்டையின் ரோமம் உடம்பைப் பார்த்து இருக்கும், வெளிச்சட்டையின் ரோமம் வெளியே பார்க்கும். முகத்தைச் சுற்றி வுல்வரின் என்ற விலங்கின் ரோமம். மூச்சுக்காற்று அதில் பனியாக உறைந்தாலும் கையால் தட்டினால் உதிர்ந்துவிடும்.

இதையெல்லாம் செய்தவர் பயணத்துக்கு வெளியே நின்றவர் என்றால், பயணத்துக்கு உள்ளே யார்?

ஜூன் 10
கதையே தெரியாது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஏடா டெலுடக், அலாஸ்காவின் பூர்வகுடிகளான இனுப்பியாட் மக்களில் ஒருவர். 1898-ல் அங்கே சாலமன் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். நோம் நகரத்தில் மெதடிஸ்ட் மிஷன்காரர்களிடம் வளர்ந்து, சமையல், தையல், பைபிள் வாசிக்கிற அளவுக்கு ஆங்கிலம் எல்லாம் கற்றார். ஜாக் பிளாக்ஜாக் என்பவருடன் சின்ன வயதில் கல்யாணம். 3 குழந்தைகளில் 2 பேர் இறந்தார்கள். மிஞ்சியவன் பென்னட், அவனுக்கும் காசநோய். கணவன் விட்டுப் போன பிறகு, 5 வயதுப் பையனோடு நோம் வரை 40 மைல் நடந்து வந்தார். அவன் களைத்துப் போனபோதெல்லாம் தூக்கிக்கொண்டார். நோமில் அவனுக்கு வைத்தியம் பார்க்கக் காசில்லாமல் அநாதை இல்லத்தில் விட்டார்.

அப்போதுதான் வில்ஹயால்மர் ஸ்டீபன்சன் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பேர் பெற்ற துருவப் பயணி. சைபீரியாவுக்கு வடக்கே இருக்கிற ரேங்கல் தீவில் ஆள் குடியேற்றி, பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ அதைச் சொந்தமாக்க வேண்டும் என்பது அவர் கனவு. துருவம் தன்னிடம் வருகிறவனுக்குத் தானே சோறு போடும் என்று ஊர் ஊராகப் பேசியவர். ஆனால் இந்தப் பயணத்துக்கு அவர் போகவில்லை. அனுப்பியது 4 ஆண்களை: ஆலன் கிராஃபர்ட், 20 வயது, டொரண்டோ மாணவர், பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் பெயருக்குத் தலைவர். லோர்ன் நைட். ஃப்ரெட் மாரர். 19 வயதான மில்டன் கேல். இவர்களில் மாரர் 1914-ல் கார்லுக் கப்பல் உடைந்து இதே தீவில் மாட்டிக்கொண்டு தப்பித்தவர். அவர் ஏன் திரும்ப அங்கே போனார் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

இனுப்பியாட் குடும்பங்கள் சிலவும் கூட வருவதாகப் பேச்சு. கடைசியில் யாரும் வரவில்லை. ஏடா மட்டும் ஏறினார். 1921 செப்டம்பர் 9 அன்று கப்பல் நோமை விட்டுக் கிளம்பியது. 6 மாத உணவுதான் கையில். அடுத்த கோடையில் கப்பல் வரும், மீதிக்கு வேட்டையாடிக்கொள்ளலாம் என்று கணக்கு.

1922 கோடையில் டெடி பேர் என்ற கப்பல் கிளம்பியது. பனிக்கட்டி வழிவிடவில்லை, திரும்பிவிட்டது. தீவில் இருந்தவர்களுக்கு அது தெரியாது, கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1923 ஜனவரி 28 அன்று கிராஃபர்ட், மாரர், கேல் மூவரும் உதவி தேடி உறைந்த கடல் மேல் சைபீரியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களைக் கண்டவர் எவரும் இல்லை. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயோடு படுத்துக் கிடந்த நைட்டும் ஏடாவும் கூடாரத்தில்.

ஜூன் 10, கொஞ்சம் கழித்து
ஒரு தம்பி "எஸ்கிமோ" என்று எழுதியிருந்தார். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எல்லாம் அப்படித்தான் எழுதின. இப்போது வேண்டாம். வடக்கு அலாஸ்காவில் இனுப்பியாட், கனடாவிலும் கிரீன்லாந்திலும் இருக்கிற சொந்தங்களையும் சேர்த்துச் சொன்னால் இனுயிட்.

ஜூன் 12
மேலே ஓர் அக்கா எழுதியிருக்கிறார்: "அவள் அந்த மண்ணில் பிறந்தவள், வேட்டை ரத்தத்திலேயே இருந்திருக்கும், அதனால் பிழைத்தாள்."

முதல் தடவை படித்தபோது நானும் அப்படியே நினைத்தேன். தப்பு. ஏடா வளர்ந்தது நகரத்தில், மிஷன் வீட்டில். துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. பொறி வைக்கத் தெரியாது. பனிக்கரடி என்றால் உயிர் நடுங்கும். வந்த முதல் சில வாரங்களில் பயத்திலும் ஊர் ஏக்கத்திலும் வேலையே ஓடாமல் அழுதுகொண்டிருந்தார். அதற்காக அவரைக் கொடிக்கம்பத்தில் கட்டிப் போட்டார்கள், சாப்பாடு தராமலும் இருந்தார்கள். "கொடி நட்டவர்" என்று முதல் கேள்வியில் வந்ததே, அதே கொடிக்கம்பம்தான்.

ஆக, 1923 ஜனவரிக்குப் பிறகு ஏடா செய்தது எல்லாம் 24 வயதில் புதிதாகக் கற்றது. நரிப்பொறியைத் தானே வைத்துப் பார்த்தார். நாள் கணக்கில் ஒன்றும் விழவில்லை. பிப்ரவரியில் முதல் வெள்ளை நரி விழுந்தது. அப்புறம் குறி வைத்துச் சுடப் பழகினார். பறவை சுட்டார், முட்டை பொறுக்கினார், சீல் சுட்டார். கரை ஒதுங்கிய மரத்தை வைத்துப் படகு கட்டினார். தூரத்தில் கரடி வருகிறதா என்று பார்க்க ஒரு மேடை கட்டினார். படுக்கைக்கு மேலேயே துப்பாக்கியை மாட்ட இடம் செய்துகொண்டார்.

ரத்தத்தில் இருந்தது என்று சொன்னால் அந்தக் கற்றல் அத்தனையும் கணக்கில் வராமல் போய்விடும்.

ஜூன் 13
பூனையைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு: ஆமாம், ஒரு பூனை இருந்தது. விக்டோரியா, சுருக்கி விக். அதுவும் பத்திரமாகத் திரும்பியது.

ஜூன் 15
இதை எழுதலாமா என்று 2 நாள் யோசித்தேன்.

ஏடா 1923 மார்ச்சில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். ஆங்கிலம் தட்டுத் தடுமாறி வரும், எழுத்துப் பிழை நிறைய. அதில் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள். நைட் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். ஏடா விறகு வெட்டி, பொறி பார்த்து, கிடைத்ததைச் சமைத்து, அவருக்கு ஊட்டி, அவருடைய மலத்தை எடுத்து வெளியே கொட்டுகிறார். அவரோ படுத்தபடியே திட்டுகிறார். 4 ஆண்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு பெண் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று இவர் நின்று யோசிக்கவே மாட்டேன் என்கிறாரே என்று ஏடா எழுதுகிறார். அதோடு, செத்துப்போன குழந்தைகளைச் சொல்லிக் காட்டியதையும் எழுதுகிறார். நீ ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாததால்தான் அவை செத்தன என்றாராம் நைட்.

என் மாமனார் விழுந்து 14 மாதம் படுக்கையில் இருந்தார். பகலில் கடை, காலையிலும் ராத்திரியிலும் அவர். தட்டு, பேசின், துணி. ஒரு நாள் கஞ்சியைத் தட்டிவிட்டு, "உன் கையால் தின்றால் எனக்கு நோய் எப்படிப் போகும்" என்றார். நான் சமையல்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. எங்கேயும் எழுதி வைக்கவும் தோன்றவில்லை.

ஏடா எழுதி வைத்தார். சுற்றிலும் ஐஸ், பேச ஆள் இல்லை, திரும்பி வருவோமா என்றே தெரியாது. அந்த நிலையில், தனக்கு நடந்தது நியாயம் இல்லை என்று பென்சில் எடுத்து எழுதுகிறார். படித்த அன்றைக்கு மிஷினை மூடி வைத்துவிட்டேன்.

எழுதிய பிறகு எழுந்து போய் அவருக்குச் செய்ய வேண்டியதை ஏடா தொடர்ந்து செய்தார். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூன் 17
"நைட் மாதிரி ஆளுக்கு ஏன் இவ்வளவு செய்ய வேண்டும், விட்டிருக்கலாமே" என்று 3 பேர் கேட்டிருக்கிறீர்கள். 15-ம் தேதிக் குறிப்பில் நான் நைட்டைக் கொஞ்சம் ஒரு பக்கமாகக் காட்டிவிட்டேன் என்று இப்போது படுகிறது.

ஸ்கர்வி சும்மா பல் ஆடுகிற வியாதி இல்லை. வைட்டமின் சி இல்லாமல் உடம்பில் பழைய காயங்கள்கூடத் திரும்பத் திறக்கும். மூட்டு வீங்கும், தோலுக்கு அடியில் ரத்தம் கசியும். மனசும் சோர்ந்து, சிடுசிடுப்பு ஏறும். சமைக்காத புது இறைச்சியில் அந்தச் சத்து கொஞ்சம் இருக்கிறது. வேட்டை நின்றதும் அதுவும் நின்றது. தீவுக்குப் போனபோது 28 வயது ஆள். ஜனவரியில் கிராஃபர்டோடு சைபீரியாவுக்குக் கிளம்பிப் பார்த்து, முடியாமல் திரும்பி வந்தவர். தன்னைவிட்டு மற்ற மூவரும் போவதைப் படுத்துக்கொண்டு பார்த்தவர். அவர் பயம் வார்த்தையாக வெளியே வந்தது, எதிரில் இருந்தது ஏடா மட்டும்தான்.

அவர் சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளைச் சொன்னதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் மாமனாரைப் பற்றி யோசிக்கும்போதும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறேன்.

ஜூன் 18
செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கொஞ்சம் தோல் வாங்கி வந்தேன். அந்தப் பாதிக் கனத் தையலைப் போட்டுப் பார்க்கப் போகிறேன். தசைநாருக்கு எங்கே போவது, மெழுகு தடவிய நூல்தான்.

ஜூன் 19
சின்னக் கிண்ணம் மாதிரி மடித்துத் தைத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஐந்து நிமிஷத்தில் 7 இடத்தில் சொட்டியது. ஊசி மறுபக்கம் போய்விடுகிறது, விரலுக்கு அது தெரிய மாட்டேன் என்கிறது. விரல் நுனியில் மாட்டுகிற அங்குஸ்தான் போட்டால் இன்னும் மோசம்.

ஜூன் 23
1923-ல் இதே தேதியில் நைட் இறந்தார்.

கேல் கிளம்பும்போது தன் தட்டச்சுப் பொறியை விட்டுப் போயிருந்தார். ஏடா அதில் ஒரு தாள் செருகித் தட்டினார். நைட் ஜூன் 23 அன்று இறந்தார், எத்தனை மணிக்கு என்று தெரியாது, இருந்தாலும் எந்த மாதம் எந்தத் தேதி என்று மிஸ்டர் ஸ்டீபன்சனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன் என்று. கீழே பெயர்: மிசஸ் ஏடா பி. ஜாக்.

முதல் கேள்வி கேட்டவர் இதைப் பார்க்க வேண்டும். பயணக்குழுவில் நடந்ததைத் தேதி போட்டு, அனுப்பியவருக்கு அறிக்கை எழுதி, கையெழுத்து வைப்பது யார் வேலை? தலைவன் வேலை. அன்றைக்கு அந்தத் தீவில் அந்தப் பொறுப்பை எடுக்க ஒரே ஒருத்திதான் இருந்தாள், எடுத்தாள்.

உடலைப் புதைக்க அவருக்குத் தெம்பு இல்லை. நைட்டைப் படுக்கைப் பைக்குள்ளேயே விட்டு, மிருகங்கள் நெருங்காமல் இருக்கப் பெட்டிகளை அடுக்கி அரண் கட்டினார். பிறகு சாமான் வைத்திருந்த கூடாரத்துக்குக் குடி மாறினார். அங்கே பெட்டிகளால் அலமாரி அமைத்துத் தொலைநோக்கியையும் தோட்டாக்களையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். இன்னும் 2 மாதம், தன்னந்தனியாக. அந்த நாட்களில் கேமராவை வைத்துத் தன்னைத் தானே படமும் எடுத்துக்கொண்டார்.

ஜூன் 26
மீட்பு பற்றி ஒரு ஐயா விவரம் கேட்டிருந்தார்.

1923 ஆகஸ்ட் 20 அன்று டொனால்ட்சன் என்ற கப்பல் வந்தது. அதில் வந்தவர், ஸ்டீபன்சன் அனுப்பிய ஹரால்ட் நாய்ஸ். மற்ற ஆண்களைப் பற்றி ஏடா சொல்வார் என்று அவர் நினைத்தார், அவர் சொல்வார் என்று ஏடா நினைத்தார். இங்கே என்னைத் தவிர யாரும் இல்லை என்று ஏடா சொன்னபோதுதான் இருவருக்குமே முழுதும் புரிந்தது.

நாய்ஸ் ஏடாவைக் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் தீவில் சார்ல்ஸ் வெல்ஸ் என்பவரையும் நோம் பக்கத்து இனுப்பியாட் குடும்பங்களையும் இறக்கிவிட்டுப் போனார். அடுத்த வருஷம் சோவியத் கப்பல் ஒன்று வந்து அவர்களைப் பிடித்து விளாடிவோஸ்டாக்குக்குக் கொண்டுபோனது. ஏடாவைக் கொண்டாடும்போது அந்தக் குடும்பங்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அங்கேயும் தைக்கிற பெண்கள் இருந்தார்கள்.

அப்புறம் பணம். பேசிய சம்பளம் முழுசாகக் கைக்கு வரவில்லை. ஸ்டீபன்சன் இந்தக் கதையை 1925-ல் புத்தகமாகப் போட்டார். ஏடாவுக்கு அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. நாய்ஸ் இன்னும் ஒரு படி போய், நைட்டை ஏடா கவனிக்காமல் சாக விட்டார் என்று பத்திரிகைகளில் பரப்பினார். நைட்டின் நாட்குறிப்பிலிருந்தே பக்கங்களை நீக்கியிருந்தார் என்பதும் பிறகு வெளியே வந்தது. பழியையும் பின்னால் அவரே திரும்பப் பெற்றார்.

ஏடா என்ன செய்தார் தெரியுமா? நைட்டின் அப்பா அம்மாவை ஒரிகனில் போய்ப் பார்த்தார். அவர்கள் ஏடாவிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்கள் மகனுக்கு இந்தப் பெண் செய்ய முடிந்ததெல்லாம் செய்தாள் என்று ஊரறியச் சொன்னார்கள். பெற்றவர்கள் சொன்ன அந்தச் சொல்லுக்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டாம்.

ஜூலை 1
"இது ஒரு விதிவிலக்கு, வேறு பெண் யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு: ஆர்னருலுங்குவாக்.

கிரீன்லாந்தின் தூலே பக்கத்துப் பெண், 1896-ல் பிறந்தவர். 1921-ல் டென்மார்க்கின் துருவ ஆய்வாளர் நுட் ராஸ்முசென் நடத்திய ஐந்தாம் தூலே பயணத்தில் கணவரோடு சேர்ந்தார். ஏடா ரேங்கல் தீவில் இறங்கிய அதே வருஷம். பயணம் சரியாகத் தொடங்கும் முன்பே நூக் நகரத்தில் கணவர் காய்ச்சலில் இறந்தார். திரும்பிப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. 1923-ல் ராஸ்முசெனும், தன் உறவினர் காவிகர்சுவாக்கும், இவருமாக 3 பேர் நாய்வண்டிகளில் ஹட்சன் விரிகுடாப் பக்கமிருந்து கிளம்பி, கனடாவின் வடக்குக் கரை முழுக்கக் கடந்து 1924-ல் அலாஸ்கா சேர்ந்தார்கள். தைத்தார், சமைத்தார், வண்டி ஓட்டினார், அகழ்வு வேலையில் மண் தோண்டினார். டென்மார்க் அரசர் பதக்கம் கொடுத்தார். 1933-ல் காசநோயில் இறந்தார்.

அவர்கள் பயணம் போய் முடிந்த ஊர் எது? நோம். ஏடா ஒரு வருஷம் முன்னால் திரும்பி வந்த அதே நோம்.

ராஸ்முசென் இனுயிட் மொழி பேசி வளர்ந்தவர். ஆர்னருலுங்குவாக்குக்கு மரியாதை கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஏடாவுக்கு அந்தக் கூடாரத்தில் தன் மொழியில் ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை.

ஜூலை 2
மாமூத் பற்றிச் சொன்ன தம்பிக்கு நன்றி. உண்மைதான், உரோம யானைகள் கடைசியாக வாழ்ந்த இடம் ரேங்கல் தீவு. சுமார் 4,000 வருஷம் முன்பு வரை அங்கே இருந்தன. ஏடா விறகு பொறுக்கிய மண்ணுக்கு அடியில் அவற்றின் தந்தங்கள்.

ஜூலை 6
கேள்வி கேட்ட அந்த வாசகரே திரும்ப வந்து, "சரி, அவர் துணிச்சல்காரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயணி என்றால் ஏதோ ஒன்றைத் தேடிப் போக வேண்டும், அவர் எதைத் தேடினார்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

பென்னட்டின் வைத்தியத்துக்குக் காசு தேடிப் போனார். நாட்குறிப்பில் ஓர் இடம் இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், இங்கே ஒரு கறுப்பு வார் இருக்கிறது, அது பென்னட்டின் பள்ளிப் பைக்கு, என் ஒரே மகனுக்கு. என்னுடையது எல்லாவற்றையும் அவனிடம் சேர்த்துவிடுங்கள். இதுதான் சாரம். கொடி, தீவு, நாடு எதுவும் அதில் இல்லை. ஒரு பையின் வார். தைக்கிறவளுக்குத்தான் அது தோன்றும்.

தேடிப் போனதைக் கொண்டு வந்தார். கிடைத்த பணத்தில் பென்னட்டை சியாட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்தியம் பார்த்தார். பையன் பிழைத்தான், 1972 வரை இருந்தான். பின்னால் பில்லி என்று இன்னொரு மகன். ஏடா அலாஸ்காவுக்கே திரும்பி வந்து, கலைமான் மேய்த்து, பொறி வைத்து, வறுமையோடு மல்லுக்கட்டி, 1983 மே மாதம் பால்மர் ஊரில் 85 வயதில் இறந்தார். பென்னட் பக்கத்திலேயே அடக்கம். அலாஸ்கா சட்டமன்றம் அவரைப் பாராட்டியது அதற்குப் பிறகுதான்.

ஜூலை 7, காலை
தோலில் திரும்பத் தைத்தேன். இந்தத் தடவை அங்குஸ்தான் இல்லாமல், ஊசி நுனியை இடது ஆள்காட்டி விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே, இரண்டு பக்கமும். நேற்று ராத்திரி தண்ணீர் ஊற்றி, கீழே வெள்ளைத் துணி விரித்து வைத்தேன். இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஓர் ஓரத்தில், முடிச்சுப் போட்ட இடத்தில் மட்டும், ஒரு சின்ன ஈரம்.